பத்துக்குப் பத்து வாங்கும் கவிதை

மூன்றாம் வகுப்புக்கு அந்த வாரம் இடம்பெயர்வுப் பாடம். சொந்த ஊரை விட்டு வந்த கதையைக் கவிதையாக எழுதினால், டேப்லெட்டில் இருக்கும் 'கவிதை டீச்சர்' ஏஐ படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும்.

கடல் ஏறிவந்த ஊரிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் கோவைக்கு வந்திருந்த குடும்பம் செல்சியாவுடையது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பி ஆன்டோ எழுதுவதை அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஐஸ் லாரி. மீன் பெட்டிக்குப் பின்னால் நாங்கள். செக்போஸ்ட்டில் அம்மா என் வாயைப் பொத்தினாள்."

"டேய் ஆன்டோ, இதையா அனுப்பப் போற?"

"ஏன்க்கா? எங்க கிளாஸ் மெல்பாவும் இப்படித்தான் எழுதுனா. பத்துக்குப் பத்து! லாரி என்ன கலர்னுகூட டீச்சர் கேட்டுச்சு."

"அதுக்கப்புறம் அவ ஸ்கூலுக்கு வந்தாளா?"

ஆன்டோ யோசித்தான். "இல்ல. அவங்க வீடு பூட்டிக் கெடக்கு."

செல்சியா டேபைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்தாள். பகலில் பஸ்ஸில் வந்தோம், எனக்கு ஜன்னலோர சீட்டு, அப்பாவின் சட்டைப் பையில் அனுமதிச் சீட்டு என்று அவளே எழுதி அனுப்பினாள்.

டேப் கொஞ்சலாகப் பேசியது. "அழகா இருக்கு ஆன்டோ. ஆனா இந்தக் கவிதைக்குள்ள ஒரு பயம் தெரியுதே. யாருக்குப்பா பயம்?"

தம்பியின் வாயைப் பொத்தச் செல்சியா பாய்ந்தாள். பதில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தில் அவன் முந்திக்கொண்டான்.

"எங்க அக்காவுக்கு, டீச்சர்!"