சுவரிலிருந்து ஒரு முழம்

கடப்பாறை மண்ணில் இறங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள்.

சமையலறைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குழி.

"இந்த வீடே நமக்கு இல்லன்னு ஆயிடுச்சு. இன்னும் எதுக்கு உயிரை விடுறே?" என்றான் கணவன். பின்வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் மறுபடியும் கடப்பாறையை ஓங்கினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கொல்லை வெறும் குப்பைமேடு. உடைந்த செங்கல், கண்ணாடிச் சில்லு, பழைய டயர். தையல் கடையில் நாள் முழுக்க மிஷின் மிதித்துவிட்டு வந்து, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் ஒரு கூடை, இரண்டு கூடை என்று அள்ளிக் கொட்டியவள் அவள்தான்.

முதல் வசந்தத்தில் நாலே நாலு தக்காளிச் செடி பிழைத்தது. அடுத்த வருஷம் கத்தரி, அவரை, சொல்பேச்சு கேட்காமல் கூரைமேல் ஏறிய பூசணி. இந்த வசந்தத்தில்தான் எலுமிச்சை முதன்முதலாகப் பூ விட்டது.

வினை அந்தப் பூவில் வந்தது.

போன வாரம் வாடகை வாங்கும் வீட்டுக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போய், எலுமிச்சைக் கிளையை வளைத்து மோந்தாள். கடையில் செருப்பு எடுப்பதுபோல, தான் குடிவர இதுவே போதும் என்று அப்பாவிடம் சொன்னாள்.

மாசக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும்.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவோம் என்றான் கணவன். அவளுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் பூவிட்ட மரத்தில் கை வைக்க மனசு வரவில்லை. வரவில்லையே என்று தன்மேலேயே இன்னும் ஆத்திரம் வந்தது.

மரக்கன்றைக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்தாள்.

நிமிர்ந்தபோது வீட்டுக்காரர் நின்றிருந்தார். கன்றைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தொண்டையைச் செருமினார்.

"விட்டுட்டுப் போற வீட்டுக்கும் மரம் வெக்கிறியேம்மா. என்ன மரம் இது?"

"அத்தி சார். பழம் கொத்துக்கொத்தா வரும். தண்ணி மட்டும் விடாம ஊத்தச் சொல்லுங்க."

இந்த மனசு யாருக்கு வரும் என்று கணவனிடம் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி போனார் வீட்டுக்காரர். கணவன் அவளையே பார்த்தான்.

அவள் அடுத்த கன்றை எடுத்துக்கொண்டு படுக்கையறைச் சுவர்ப் பக்கம் நடந்தாள்.

காலையில் நர்சரிக்காரர் விற்கும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், இதை வீட்டை ஒட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள், பத்து வருஷத்தில் வேர் அஸ்திவாரத்தையே பிளந்துவிடும் என்று.

அதுவரை அவள் கையில் ஒரு கன்றுதான் இருந்தது.

இன்னொன்று கேட்டு வாங்கினாள்.