பொட்டு வைத்த விளக்கு

உமாபதியின் பழைய காரில் ஒரு மஞ்சள் விளக்கு இருந்தது. எஞ்சினில் கோளாறு என்றால் அது எரியும். என்ன கோளாறு என்பது மட்டும் அதற்கே தெரியாது. ஒரு நாள் காலையில் எரிந்தது. மெக்கானிக் ஒரு கருவியை மாட்டிப் பார்த்து, புகைக்குழாயில் புகையின் அழுக்கைச் சோதிக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டார். இரண்டே நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது.

“ஏம்பா, வந்ததும் வராததுமா நீயும் அதையே சொல்றே?” என்று விளக்கு புது சென்சாரிடம் கேட்டது.

“என்னண்ணே செய்யறது? எனக்கு முன்னால இருக்கிற கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் பண்ணி அனுப்பணும். அவர் அழுக்காவே அனுப்புறார். நான் வேற என்னத்தைச் சொல்ல?”

வயிற்றுக்குள் உடைந்த சில்லுகள் கடகடக்க, கன்வெர்ட்டர் சிரித்தது. “போன வாரம் உன் இடத்துல இருந்தவனும் இப்படித்தான் சொன்னான், தம்பி. அவன் இப்ப எங்கேன்னு கேட்டுப் பாரு.”

சென்சார் வாயை மூடவில்லை. விளக்கும் அணையவில்லை. எரிச்சலான உமாபதி, தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் மனைவி ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டிவிட்டார்.

மூன்றாம் வாரம் மலைப்பாதையில், கன்வெர்ட்டரின் சில்லுகள் புகை போகும் வழியை அடைக்க, கார் மூச்சு முட்டி, மேடு ஏற முடியாமல் திணறியது. உமாபதி வண்டியை ஓரங்கட்டி, முதல் வேலையாக நகத்தால் பொட்டைப் பிய்த்துப் பார்த்தார்.

“அட, இன்னும் எரியுதே!”

விளக்கு அவர் முகத்தையே பார்த்தது. பிறகு சென்சாரிடம் மெல்லக் கேட்டது: “ஏம்பா, பொட்டு வெச்சா நான் அணைஞ்சுடுவேன்னு இவருக்கு யார் சொன்னது?”