இடது கை

வலது கையில் ஒரு கொசுகூட உட்காரவில்லை.

மூன்று நிமிடம். கூண்டுக்குள் இருநூறு கொசுக்கள், நேற்றிலிருந்து பட்டினி. சற்று முன்புதான் என் வெறும் இடது கையில் முப்பத்தொரு தடவை வந்து உட்கார்ந்தன. வலது கையில் மட்டும் ஆய்வை நடத்தும் மேடம், கொசுவை விரட்டத் தான் கண்டுபிடித்த இலைச்சாற்றைத் தன் விரலாலேயே பூசிவிட்டிருந்தார்.

ஆய்வகத்தில் என் வேலை கொசு வளர்ப்பது, அதற்குக் கையை நீட்டுவது. மாப்பிள்ளைக்குச் செய்கிற மாதிரி கொசுவுக்கு உபசாரமா என்று மனைவி கேலி செய்வாள். இங்கேயே முட்டையிலிருந்து வளர்ந்தவை, கடித்தால் அரிப்போடு சரி. வெளியே இருப்பவை அப்படியில்லை. இந்த மாதம் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் போய்விட்டார்கள்.

இது கடைசிச் சோதனை. மேடம் நோட்டில் பூஜ்யம் போட்டார். நான்கு வருஷ உழைப்பு. அவர் கண் கலங்கியிருந்தது.

நாளைக்குச் சாற்றுப் பாட்டில்கள் விநியோகத்துக்குப் போகின்றன, முதல் பெட்டி எங்கள் தெருவுக்கு. நான் வேலை பார்க்கிற இடத்துச் சரக்கு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு பூசலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அவருக்கு மூன்று பிள்ளைகள்.

வலது கையைத் துடைக்கும்போதுதான் மூக்கில் ஏறியது. இலையின் கசப்போடு கொஞ்சம் ஆரஞ்சு மிட்டாய் வாசனை.

காலையில் மகளின் கால் முழுக்கக் கடையில் வாங்கிய ஆரஞ்சு வாசனைக் கொசு கிரீமைப் பூசினேன். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததால் பள்ளிக்கூடம் வரை அவளை வலது கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். இங்கே வந்ததும் கழுவினேன், ஆனால் வெறும் தண்ணீரில். சோப்பு வாசனை சோதனையைக் கெடுத்துவிடும் என்பது மேடம் போட்ட சட்டம்.

வெட்கமாக இருந்தது. சாற்றைச் சோதிக்கிறவனே தன் பிள்ளைக்கு அதைப் பூசவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் அந்த மூன்று பிள்ளைகளின் முகம் விடவில்லை. மென்று விழுங்கி ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

மேடம் நிமிரவில்லை.

"தெரியும். என் பையனுக்கும் அதே கிரீம்தான். உங்க கையைத் தொட்டப்பவே வாசனை வந்துச்சு."

பாட்டிலைத் திறந்து, சாற்றை இடது கையில் முழங்கை வரை பூசினேன். கூண்டுக்குள் விட்டேன். வந்து உட்கார்ந்த கொசுக்களை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தேன்.

பத்தொன்பது என்று சொல்லும்போது மேடம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.