பெட்ரோல் மூடி

"வத்ஸலா, அடுத்தது என்ன?"

"கதவுக் கைப்பிடி, ரெண்டு," என்று லிஸ்ட்டைப் பார்த்துச் சொன்னாள் மனைவி.

யதிராஜ் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வல்லம் வடகாலில் இருக்கும் மெர்சியின் பாலிஷ் பட்டறைக்குக் கம்பெனி வேலைதான் வரும். ஒரே மாதிரி ஐயாயிரம் பிராக்கெட். ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நாற்பத்தோரு உருப்படிகளின் பழைய முலாமை உரித்து, தேய்த்து, புதுசாக குரோம் முலாம் போடுவது இதுதான் முதல் தடவை. கொண்டுவந்த அன்றே யதிராஜ் சட்டம் பேசிவிட்டார்.

"எல்லாம் இங்கிலாந்து ஒரிஜினல். ஒண்ணு மாறினாலும் ஞாயித்துக்கிழமை கார் ஷோவுல மார்க் போயிடும். உங்க ஆளுங்களை நம்பி விட்டுட்டுப் போறேன். மாத்திடாதீங்கோ."

நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, லிஸ்ட்டில் மெர்சியின் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

"கடைசி. பெட்ரோல் டேங்க் மூடி," என்று படித்தாள் வத்ஸலா.

தட்டில் மூடி இல்லை.

மெர்சி உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "அருளு! மூடி எங்க?"

தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் மெஷினை நிறுத்திவிட்டு அருள்பாண்டி வந்தான். முகமெல்லாம் கருப்பு மாவு. "அது மட்டும் நாளைக்கித் தாரேன் சார்."

"முடியலைன்னா பரவாயில்லை. இருக்கிறபடி காட்டு."

"இப்ப காட்ட முடியாது சார்."

"ஏன்?"

அருள்பாண்டி ஓரக்கண்ணால் வத்ஸலாவைப் பார்த்துவிட்டு, முகத்து மாவைத் துடைத்தான்.

யதிராஜின் குரல் ஏறியது. "பாத்தியா வத்ஸலா? நான் சொன்னேனா இல்லையா? வித்துட்டான்! அந்த மூடிக்கு இப்ப வெளியில என்ன கிராக்கி தெரியுமா?"

மெர்சிக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக அருள்பாண்டி கையில் ஒரு நட்டு போல்ட்கூடக் காணாமல் போனதில்லை. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

"இன்னாப்பா இது? ஊமையாட்டம் நின்னுகினு கீற? எடுத்தாந்து காட்டேன்."

"அக்கா, நாளைக்கி..."

வத்ஸலாவும் தன் பங்குக்குப் பெருமூச்சு விட்டாள். "எங்காத்துலயும் இப்படித்தான் மெர்சி. எங்கப்பா கல்யாணச் சீரா குடுத்த திருகு மூடிப் பித்தளைக் கூஜா. இந்தக் காரை ஆத்துல மெக்கானிக் வந்து ரிப்பேர் பண்ணிண்டிருந்த சமயம், திடீர்னு ஒரு நாள் காணோம். வேலை செஞ்ச தாயாரம்மாதான் எடுத்திருப்பாள்னு இவர் அடிச்சுச் சொன்னார். நிறுத்திட்டேன். அழுதுண்டே போனாள்."

"அந்தப் பழங்கதை இப்ப எதுக்கு?" என்றார் யதிராஜ். "நான் போலீசுக்குப் போறேன்."

போலீஸ் என்றதும் மெர்சிக்குக் கம்பெனி ஞாபகம்தான் வந்தது. கம்பெனிக்காரன் காதில் விழுந்தால் ஐயாயிரம் பிராக்கெட்டும் அடுத்த பட்டறைக்குப் போய்விடும்.

"அருளு, கடைசியா கேக்கறேன். மூடியக் காட்டு. இல்லாங்காட்டி நாளைலேர்ந்து வேற பட்டறை பாத்துக்க."

சொல்லிவிட்டு மெர்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அருள்பாண்டி நிமிர்ந்தான். "காட்டுதேன். சார் மட்டும் உள்ள வரட்டும்."

"ஏன், நான் வந்தா என்ன?" என்றாள் வத்ஸலா.

"உள்ள ஆசிட் நெடிம்மா. உங்களுக்கு ஆகாது."

யதிராஜ் மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டே நிமிஷம். வெளியே வந்தவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடியை உள்ளேயே மறந்துவிட்டிருந்தார்.

"மூடி இருக்கும்மா," என்றார் மெர்சியிடம். "தம்பி மேல தப்பில்லை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

வத்ஸலாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து அவள் கேட்டதில்லை.

காரின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"வத்ஸலா, அந்தத் தாயாரம்மா இப்ப எங்க இருக்கா?"

"தண்டலத்துல, பொண்ணோட. ஏன்னா?"

"இப்படியே அவ ஆத்துக்குப் போயிட்டுப் போகலாம்."

"இப்பவா? எதுக்கு?"

"ஏறு. போற வழியில சொல்றேன்."

கார் கிளம்பியதும் மெர்சி விடுவிடுவென்று உள்ளே போனாள்.

"அவருகிட்ட இன்னாப்பா சொன்ன?"

"ஒண்ணுமே சொல்லலக்கா. மூடியக் கையில குடுத்தேன். பாத்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு. மார்க் போனாப் போகட்டும், இதுக்கு மட்டும் குரோம் போடாத, இப்படியே பளபளன்னு தேச்சுக் குடுன்னுட்டாரு."

"அதை அங்கியே எடுத்துக் காட்டறதுக்கு இன்னா? வேலையே போயிருக்கும்டா உனக்கு!"

"அந்தம்மா பக்கத்துல நின்னாகளேக்கா."

மெர்சிக்கு ஒன்றும் புரியவில்லை. அருள்பாண்டி துணியைப் பிரித்து மூடியை அவள் கையில் வைத்தான்.

பழைய குரோமும், அதற்கடியில் அப்பியிருந்த ஈயமும் ஆசிட்டில் கரைந்து, அசல் பித்தளை மினுங்கியது. உள்பக்கம் திருகு மரை. மேலே, பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தார்:

'சௌ. வத்ஸலா. கல்யாணச் சீர்.'