பிறவி மச்சம்

பூதக்கண்ணாடியின் மூடியைத் திறக்காமலேயே அந்த அம்மா நாணயத்தை உற்று உற்றுப் பார்த்தபோது, பழைய நாணயக் கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றும் தெரியாத ஆள். கடவுளாகப் பார்த்து அனுப்பி வைத்திருக்கிறார்.

“ஒண்ணுமே தெரியலையே சார்?”

“மூடியைத் தள்ளணும்மா.”

மூடி இறுகிக் கிடந்தது. அந்த அம்மா சட்டென்று கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நெம்பப் போனார். கடைக்காரர் பதறிப்போய்க் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். “ஐயையோ, கையில கிடைச்சதை வெச்சு நெம்பாதீங்கம்மா! விலை ஒசந்த கண்ணாடி.”

“பழக்கதோஷம் சார். எங்க வீட்டுக்காரர்கூட இதுக்குத்தான் திட்டுவார்.”

கூட வந்த இளைஞன், தம்பியாக இருக்க வேண்டும், வாசலருகே உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். அவனாலும் தொல்லை இருக்காது போலிருந்தது.

இந்த நாணயத்தை இன்றைக்கே விற்றாக வேண்டும். தரம் பார்த்துச் சான்று கொடுக்கும் நிறுவனத்திலிருந்து நாளைக் காலை ஆட்கள் வருகிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ‘அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்’ என்ற பலகையைக் கொடுப்பார்கள். அந்தப் பலகைக்காகக் கடைக்காரர் நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறார். அவர் பெயரில் சான்று வாங்கிய ஒவ்வொரு நாணயத்தையும் எடுத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் விற்ற பில்லைக் காட்ட வேண்டும். வாங்கிய பில் இல்லாத இந்த ஒன்றை மட்டும் அவர்கள் கண்ணில் காட்ட முடியாது.

சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஒருத்தனிடம் வாங்கி, ஆசை ஆசையாகச் சான்றுக்கு அனுப்பிய நாணயம் அது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கொட்டை எழுத்தில் ‘புழங்காத நாணயம்’ என்று இருந்தது. அதற்கு அடியிலேயே பொடி எழுத்தில் ‘பின்பக்கம் கீறல், சேதம்’ என்றும் இருந்தது. அந்தப் பொடி எழுத்து விலையில் முக்கால்வாசியை முழுங்கிவிடும்.

கடைக்காரர் பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. பொடி எழுத்தின் மேல் விலைச் சீட்டை ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். பழம் தின்று கொட்டை போட்ட ஆட்கள் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் கொட்டை எழுத்தைப் படித்ததுமே பர்ஸைத் திறப்பார்கள்.

“பின்பக்கம் காட்டுங்களேன் சார்.”

கடைக்காரர் கட்டைவிரலால் கீறலை மறைத்தபடி திருப்பிக் காட்டினார். அந்த அம்மா பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். நாணயத்தில் ஒரு பாய்மரக் கப்பல், அதன் குறுக்கே ஒரு கோடு. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன கோடு?”

“அது வந்து... அச்சடிக்கிறப்பவே விழுந்ததும்மா. பிறவி மச்சம் மாதிரி! லட்சத்துல ஒண்ணுக்குத்தான் இப்படி அமையும்.”

“அப்ப நல்லதுன்னு சொல்றீங்க?”

“ராசிம்மா, ராசி!”

“உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?”

“எங்கப்பா சேர்த்து வெச்சது. முப்பது வருஷமா எங்க வீட்டு பீரோவைத் தாண்டினதில்ல. மனசே இல்லாமத்தான் குடுக்கறேன்.” அவருடைய அப்பா கடனைத் தவிர வேறு எதையும் சேர்த்து வைத்ததில்லை.

“அதையும் பில்லுல எழுதிக் குடுத்துடுங்க சார். வீட்டுக்காரர் நம்பணும்.”

பேரம்கூடப் பேசவில்லை, பாவம். கடைக்காரர் சந்தோஷமாகக் கேட்டதையெல்லாம் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டார். தம்பி எழுந்து வந்து பில்லை வாங்கினான். நிதானமாகப் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“பணம்...” என்று கடைக்காரர் இழுத்தார்.

அந்த அம்மா கைப்பைக்குள் கையை விட்டு மறுபடியும் சாவியைத்தான் எடுத்தார். ஒரே நெம்பு. விலைச் சீட்டு கையோடு வந்துவிட்டது.

“பின்பக்கம் கீறல், சேதம்,” என்று நிறுத்திப் படித்தார்.

தம்பி கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஓர் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தான். போலீஸ்!

கடைக்காரருக்குக் குப்பென்று வேர்த்தது. பலகை போச்சு, பேரும் போச்சு.

“சார், கால்ல வேணா விழறேன். சீட்டு தெரியாம அங்க ஒட்டிடுச்சு! பில்லைக் கிழிச்சுப் போட்டுடுங்க. இந்தப் பெட்டியைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க சார்!”

“சீட்டை விடுங்க. முப்பது வருஷமா உங்க வீட்டுலயே இருந்த நாணயம்தானே இது?” என்று கேட்டான் தம்பி.

அப்பாடா, இவ்வளவுதானா! கடைக்காரர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “சத்தியமா சார்! எங்கப்பா மேல ஆணையா!”

அந்த அம்மா பெட்டியைத் திருப்பி, கப்பலின் மேல் கிடந்த கோட்டை பிளாஸ்டிக்குக்கு மேலாகவே நகத்தால் மெல்லத் தடவினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“போன வருஷம் எங்க வீட்ல திருடு போறதுக்கு முந்தின நாள், இதாலேயே பெயின்ட் டப்பா மூடியை நெம்பி இந்த மச்சத்தை வெச்சதே நான்தாங்க.”