ஃபோர்மேனின் ஃபினிஷிங்

"கம்பி நார் போட்டுத்தானே தேய்ச்சே? உண்மையைச் சொல்லும்மா."

மருமகளின் சமையலறை ஜன்னலோரம் நின்று, ஒரு கிரில் தவாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபடி கேட்டார் ஃபோர்மேன். கோடு கோடாக மேடு வைத்த நான்ஸ்டிக் தவா. மேடெல்லாம் பூச்சு உரிந்து, சொறி பிடித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"தெரியாம தேய்ச்சுட்டேன் மாமா," என்றாள் மருமகள்.

அதோடு விட்டிருக்கலாம். லேத் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவன் வேலைக்கு நொட்டை சொல்லியே சம்பளம் வாங்கிய வாய், விடுமா? அன்றைக்குப் பார்த்து மருமகளின் அம்மா வேறு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். கேட்க ஆள் இருந்தால் ஃபோர்மேனுக்குக் குரலும் ஒரு கட்டை கூடும். இந்தக் கதையை இப்போது அவரே எல்லாரிடமும் சொல்கிறார். இந்த இடம் வரும்போது மட்டும் தன் வாயில் தானே ரெண்டு தட்டு தட்டிக்கொள்கிறார்.

தவாவைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே வந்துவிட்டார்.

ரிட்டயர் ஆன புதிதில் மனுஷன் மூணு மாசம் பேச்சில்லாமல் கிடந்தார். திட்ட ஆள் இல்லை, திருத்த வேலை இல்லை. சோறு வைத்தால் பாதி அப்படியே இருக்கும். பெற்ற பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மருமகள்தான் ஒரு கிரில் தவாவைக் கொண்டுவந்து, இதில் காய் சுட்டால் ஒட்டாதாம், எனக்கு நம்பிக்கையில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் மாமா என்று கையில் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்த பிடி. கத்தரிக்காய், குடைமிளகாய், ரொட்டித் துண்டு என்று எதுவும் அவர் கையில் தப்பவில்லை. பேச்சும் திரும்பி வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

சம்பந்தியம்மாவுக்கு முழுப் பாடமும் நடந்தது. அடுப்பைப் பெரிதாக எரிய விடக்கூடாது. இரும்புக் கரண்டி கிட்டவே வரக்கூடாது. சூட்டோடு தண்ணீர் காட்டக்கூடாது. ஆறின பிறகு ஒரு சொட்டு சோப்பு, கொஞ்சம் பஞ்சு. மேட்டுக்கு நடுவில் மட்டும் துணியை விரலில் சுற்றித் துடைக்க வேண்டும்.

"ஒன்றரை வருஷமா எங்க வீட்ல ஒரே தவா. இன்னிக்கும் கடையிலேர்ந்து இறக்கின மாதிரி இருக்கு. இங்க பாருங்க கோலத்தை."

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கிப்போனது. மகளிடம் திரும்பினார்.

"பெரியவர் வாயால கேக்க வெச்சுட்டியே. ஒரு பொருளைக் கண்ணா வெச்சுக்கத் தெரியாதவளாவா உன்னை வளர்த்தேன்?"

போகலாமா என்று கூட வந்திருந்த ஃபோர்மேனின் மனைவி மூன்று தடவை கேட்டுவிட்டாள். காதில் விழுந்தால்தானே. அவருக்குப் பெருந்தன்மை வேறு பொங்கிவிட்டது.

"சின்னப் பொண்ணு, விடுங்க சம்பந்தியம்மா. கடைசியில ஃபினிஷிங்னு ஒண்ணு இருக்கு. இவளுக்குக்கூட இதுவரைக்கும் காட்டினதில்ல," என்று மனைவியைக் கைகாட்டிவிட்டு, மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார். "உப்புத்தாள்தானே இது? கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தேய்ப்பாங்களே?"

"அது வேற நம்பர். இது ஜீரோ. கன்னத்துல தேய்ச்சாக்கூடத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் தேய்ப்பாராம். கறுப்பாகத் தூள் கொட்டுமாம். அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத அழுக்காம்.

"நாள் போகப் போக வெளுக்கும். பயந்துடக் கூடாது, விடாம தேய்க்கணும். ரெண்டு மூணு மாசம் போச்சுன்னா, ஒரு நாள் பார்த்தா தானாவே புதுசு மாதிரி கறுத்து நிக்கும்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஃபோர்மேன்.

செய்தே காட்டிவிடுவது என்று முடிவாகிவிட்டது. கையில் இருப்பது செத்த தவா, இதில் காட்டினால் எடுபடாது. வேறு இருக்கிறதா என்று சமையலறைக்குள் போய்க் கீழ் அலமாரியைத் திறந்தார்.

உள்ளே நாலு கிரில் தவா, ஒன்றின் மேல் ஒன்றாக. நாலிலும் அதே வெள்ளைச் சொறி. பக்கத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று.

"சம்பந்தியம்மா, இங்க வாங்க. கையில இருக்கிறதோட அஞ்சு. ஒத்தைப் பொண்ணு அஞ்சு தவாவைக் காலி பண்ணியிருக்கா."

சம்பந்தியம்மா எழுந்து வந்து பார்த்தார். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கிளம்பி வீட்டுக்கு வா, முதலிலிருந்து பழக்கி அனுப்புகிறேன் என்று மகளின் கையைப் பிடித்தார்.

அதற்கு மேல் ஃபோர்மேனின் மனைவியால் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கையை விடுங்க சம்பந்தி. அஞ்சும் இவர் தேய்ச்சது." பிறகு புருஷனிடம் திரும்பினாள். "நீங்க நடக்கப் போற நேரமாப் பார்த்து இவ வந்து புதுசை வெச்சுட்டு, பழசை எடுத்துட்டுப் போவா. தவா வீணாப்போச்சுன்னு தெரிஞ்சா மாமா மறுபடியும் பேச்சை நிறுத்திடுவார், சொல்லாதீங்க அத்தைன்னு என் வாயையும் கட்டிப்போட்டா."

ஃபோர்மேன் உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜீரோ நம்பர்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, எதிரில் நிற்கிற ஆளிடம் நொட்டை சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அலமாரிப் பக்கம் கைகாட்டி, "அப்போ அந்த அட்டைப்பெட்டி?" என்றார்.

மருமகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அது அடுத்த மாசத்துக்கு மாமா."