ஆவிக்கு ஆகாத காரம்

முள்ளங்கி வெள்ளையாக வெந்துகொண்டிருந்தது.

மாட்டிறைச்சி, முள்ளங்கி, உப்பு. சூப்புக்கு அவ்வளவுதான். மிளகாய்ப்பொடி ஒரு கிள்ளுகூடக் கூடாது. பூண்டும் கூடாது.

மாமியார் காலையிலேயே சொல்லிவிட்டாள். செத்தவர்களுக்குப் படைக்கும் சாப்பாட்டில் காரம் இருந்தால் ஆவி வாசலோடு திரும்பிப் போய்விடுமாம்.

செத்தவர்களுக்கு.

மருமகள் அடுப்பை முறைத்தாள். யார் செத்தது?

கணவாய் பிடிக்கப் போன அவள் புருஷன் தேசோக்கின் படகை, கொரியாவின் இந்தக் கிழக்குக் கரைக்கு ஆளில்லாமல்தான் இழுத்து வந்தார்கள். அவன் உடல் கிடைக்கவில்லை. இப்போது தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் அவன் அண்ணன் போட்டோவோடு வருவான். கறுப்பு நாடா கட்டி, ஊதுவத்தி கொளுத்தி, எல்லோரும் விழுந்து கும்பிட்டுவிட்டால் அவள் புருஷன் செத்தவன்.

அவள் தூத்துக்குடிக்காரி. கடலுக்குப் போனவனுக்காக, உடலைப் பார்க்காமல் அழக் கூடாது என்று வளர்ந்தவள்.

மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்தாயிற்று. பெரணித் தண்டையும் கீரையையும் நல்லெண்ணெயில் பிரட்டியாயிற்று. பச்சரிசி மாவுக் கட்டிகள் வெந்துவிட்டன. எல்லாம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி சாதுவாக இருந்தன.

இதையா அவன் தின்பான்? கிம்ச்சிக் குழம்பின் காரமே போதாமல் அவள் ஊர் மிளகாய் வற்றல் பொடியையும் அள்ளிப் போட்டு, மூக்கு ஒழுக ஒழுகத் தின்கிறவன்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள் அவள் ஊரில். இங்கே காரமில்லாத பண்டம் படையலுக்கு.

முன்பெல்லாம் அவன் கடலுக்குப் போனால் மாமியார் ஒரு கிண்ணம் சோற்றை மூடி, போர்வையில் சுற்றி, தரையில் வைப்பாள். இந்த வீடுகளில் தரைக்கு அடியில் சூடு ஓடும். சூடு அதிகமான மூலை அந்தக் கிண்ணத்துக்கு. வர வேண்டியவனுக்குச் சோறு ஆறிவிடக் கூடாது.

படகு வந்த அன்றோடு அதை நிறுத்திவிட்டாள்.

பெற்றவளே நிறுத்திவிட்டாள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வற்றல் பொடி டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி போட்டாள்.

பிறகு டப்பாவையே கவிழ்த்தாள்.

சூப் சிவந்தது. கீரையிலும் தூவினாள். மீனிலும் தூவினாள். பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டாள். நெடி ஏறிக் கண் எரிந்தது.

“இப்பிடி வராத. நடந்து வா.”

தமிழில்தான் சொன்னாள். கேட்க அங்கே யாரும் இல்லை.

இருமிக்கொண்டே மாமியார் உள்ளே வந்தாள். சிவந்த சட்டியைப் பார்த்தாள். காலி டப்பாவைப் பார்த்தாள்.

அடிக்கட்டும் என்று அவள் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் ஒரு கரண்டி சூப்பை எடுத்து ஊதிக் குடித்தாள். கண்ணில் நீர் கட்டியது. கொரிய மொழியில்தான் பேசினாள். மருமகள் காதில் அது தன் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது.

“காரம் பத்தல. அவன் இன்னும் கேப்பான்.”

படையல் தட்டில் இருந்த சோற்றுக் கிண்ணத்தை எடுத்தாள். மூடினாள். போர்வையைத் தேடிக் கொண்டுவந்து சுற்றினாள். முடிச்சு விழவில்லை.

மருமகள் முடிந்து கொடுத்தாள்.

இருவரும் சேர்ந்து கிண்ணத்தைச் சூடான மூலையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள்.

வெளியே கார் வந்து நின்றது. அண்ணனின் கார்தான். சத்தத்திலேயே தெரியும்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

தெரிந்தும் இரண்டு பேரும் கதவைத் திறக்க எழுந்து ஓடினார்கள்.